நெட் தேர்வுக்காக ஓர் எழுத்தாளரைப் படித்த விதம்

கல்லூரி உதவிப் பேராசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் தமிழ்ப் பாடத்தை முதன்முறை எழுதியபோது என்னைக் கைவிட்டது இலக்கணமோ சங்க இலக்கியமோ அல்ல, இக்கால இலக்கியம். தொல்காப்பியத்தையும் நன்னூலையும் மாதக்கணக்கில் ஊன்றிப் படித்த நான், நாவலுக்கும் நாடகத்துக்கும் கடைசி மூன்று வாரங்களை மட்டுமே ஒதுக்கியிருந்தேன். அந்த மூன்று வாரங்களிலும் நூல்களைத் தொடவில்லை; ஆசிரியர், நூல், விருது, ஆண்டு என்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டியலைத்தான் மனப்பாடம் செய்தேன். பொருத்துக வினாவும் கால வரிசை வினாவும் திரையில் அடுத்தடுத்து வந்தபோது அந்தக் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மூன்று மணி நேரத்தில் இரு தாள்களுக்கும் சேர்த்து 150 வினாக்களைக் கடக்க வேண்டிய தேர்வில், ஓர் ஆண்டை நினைவுகூரவே இரண்டு நிமிடங்கள் செலவானால் மீள்வது கடினம்.

இரண்டாம் முறை பட்டியலை ஒதுக்கிவிட்டு, ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையை முழுமையாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். எழுத்து, ஆசிரியப் பணி, மேடை ஆகிய மூன்றும் ஒரே வாழ்வில் பின்னிக்கிடக்க வேண்டும் என்பதால் நாவலாசிரியரும் நாடக ஆசிரியருமான இந்திரா பார்த்தசாரதியைத் தேர்ந்தேன். நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் அவர் எங்கே என்ன வேலை பார்த்தார் என்பதையும், வலப்பக்கத்தில் என்ன எழுதினார் என்பதையும் நேருக்கு நேராக எழுதத் தொடங்கினேன். கும்பகோணத்தில் பள்ளியில் படித்தபோது தி. ஜானகிராமன் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்ற ஒரு வரியே, தனித்தனியாக நான் மனப்பாடம் செய்திருந்த இரண்டு பெயர்களை ஒரே வகுப்பறையில் கொண்டுவந்து சேர்த்தது.

பிறகு இணைப்புகள் தாமாகவே வந்தன. டெல்லியில் கல்லூரி ஆசிரியராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று இடப்பக்கத்தில் எழுதியதும், தலைநகரின் அதிகார உலகைக் களமாகக் கொண்ட ‘தந்திர பூமி’ எதிரே வந்து அமர்ந்துகொண்டது. 1981 முதல் 1986 வரை போலந்தின் வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார் என்று எழுதினால், அந்த நாட்டைப் பின்னணியாகக் கொண்ட ‘ஏசுவின் தோழர்கள்’ எந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைணவத்தைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் பின்னாளில் ‘இராமானுஜர்’ நாடகத்தை எழுதினார், அதற்கு 1999ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் கிடைத்தது என்று தொடர்ச்சியாகப் படித்தவருக்கு, அந்த விருதைச் சாகித்திய அகாதெமி விருதோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. சாகித்திய அகாதெமி விருது 1977இல் ‘குருதிப்புனல்’ நாவலுக்குக் கிடைத்தது. நாடகத்துக்கான சங்கீத நாடக அகாதெமி விருது 2004ஆம் ஆண்டுக்குரியது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையைப் பொறுப்பேற்று நடத்தியவர் என்ற செய்தியை இந்த மூன்றாவது விருதுக்கு எதிரே எழுதி வைத்தேன்.

‘குருதிப்புனல்’ குறித்து மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இடத்தில் என்னோடு படித்த பலர் சறுக்கினார்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணி என்ற சிற்றூரில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட கொடுமையே நாவலுக்கு அடித்தளம். 1995இல் அதே பெயரில் வெளிவந்த திரைப்படத்துக்கும் நாவலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ஓர் இந்திப் படத்தின் தழுவல். நாவலைத் தழுவிய படம் 1983இல் வந்த ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. நிகழ்ச்சி நடந்த ஆண்டு, விருது ஆண்டு, படம் வந்த ஆண்டு மூன்றையும் பிரித்தறிய நாவலை ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். வெண்மணியைப் பற்றிய அந்தப் பக்கங்களை மதிப்பெண்ணுக்காகத் திறந்தவன், அன்றிரவு வேறு எதையும் படிக்க இயலாமல் உட்கார்ந்திருந்தேன்.

மு. வரதராசனுக்கும் இதே முறையைக் கையாண்டேன். தாலுகா அலுவலக எழுத்தராக இருந்தவர், தாமே படித்துத் தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வில் வென்று, பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியராகி, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தார். அவருடைய நாவல்களிலும், தம்பிக்கும் தங்கைக்கும் எழுதுவதாக அமைந்த கடித நூல்களிலும் மாணவரோடு பேசும் ஆசிரியரின் குரல் ஏன் ஒலிக்கிறது என்பதற்கு இந்த வாழ்க்கையே விடை. ‘அகல் விளக்கு’ நாவலுக்கான 1961ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருதை அதற்குப் பின் நான் மறக்கவில்லை.

எழுத்தாளர்கள் பேச வரும் கூட்டங்களைத் தேர்வுக் காலத்தில் தவிர்த்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் கல்லூரிக்கு வந்த, தாமும் ஆசிரியரான ஓர் எழுத்தாளரிடம், வகுப்புகளுக்கு நடுவே எப்போது எழுதுகிறீர்கள் ஐயா என்று கேட்டேன். விடியற்காலையில் எழுதுவதாகவும், விடைத்தாள் திருத்தும் மாதங்களில் ஒரு வரிகூட எழுத முடிவதில்லை என்றும் அவர் கூறினார். ஆசிரியர்-எழுத்தாளர்களின் நூல்களுக்கிடையே ஏன் நீண்ட இடைவெளிகள் விழுகின்றன என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆனால் கூட்டத்துக்குப் போகும்முன் அவருடைய ஒரு நூலையாவது படித்துவிடுங்கள். இல்லையேல் கேட்டது எதுவும் மனத்தில் ஒட்டாது. மேடையிலும் பேட்டியிலும் எழுத்தாளர் சொல்லும் ஆண்டுகளை அப்படியே குறித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் நினைவிலிருந்து பேசுகிறார். நூலின் முதற்பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே நான் நோட்டில் ஏற்றினேன்.

இப்படி ஓர் எழுத்தாளருக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். எல்லோரையும் இவ்வாறு படிக்க இயலாது. நான் பன்னிரண்டு பேரை மட்டுமே முடித்தேன், எஞ்சியவர்களுக்குப் பழைய வினாத்தாள்களை நம்பினேன். தேர்வுக்கு முந்தைய நாள் அந்தப் பன்னிரண்டு பக்கங்களில் இடப்பக்கத்தை மட்டும் பார்த்து, வலப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, நூல்களைச் சொல்லிப் பார்த்தேன்.