காற்றாடிமலைக்குப் போகும் வழியில் யோபு

புனித தேவசகாயம் பிள்ளையின் தடத்தில், அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம் மட்டுமே திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. மற்ற முக்கிய இடங்களான நட்டாலம், பத்மநாபபுரம், புலியூர்க்குறிச்சி, கோட்டாறு, ஆரல்வாய்மொழி எல்லாம் குமரி மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியபின் இங்கு வருவோர் பெருகியிருக்கிறார்கள். பெரும்பாலோர் நேரே, ஆரல்வாய்மொழியில் அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்குப் போய்விடுகிறார்கள். நானும் என் தாய்மாமாவும் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையிலிருந்து தொடங்கினோம். அப்படித் தொடங்குவதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் அவருடைய படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை இந்தக் கோட்டைக்குள் இருக்கிறது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நட்டாலத்தில் 1712ஆம் ஆண்டு வசதியான குடும்பத்தில் பிறந்து, அரண்மனைப் பணியில் மதிப்போடு இருந்த நீலகண்ட பிள்ளை (திருமுழுக்குக்குப்பின் தேவசகாயம் ஆனவர்), கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து மனம் கலங்கியிருந்த வேளையில், இந்த டிலனாய்தான் அவருக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

விவிலியத்தில் சொல்லுவதற்கு எத்தனையோ கதைகள் இருக்க, அவருக்குச் சொல்லப்பட்டது இந்தக் கதை. ஏழாயிரம் ஆடுகளும் மூவாயிரம் ஒட்டகங்களும் வைத்திருந்த யோபுவைச் சுட்டி, இவர் ஒன்றும் கிடைக்காமலா கடவுளுக்கு அஞ்சி நடக்கிறார், இவருக்கு உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டுப் பாரும் என்று முதல் அதிகாரத்திலேயே சாத்தான் கேட்கிறான். கேட்டவன் சாத்தான் என்பதால் அந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால் வசதியாக இருக்கும் விசுவாசி ஒருவர் தமக்குத் தாமே கேட்டுப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. சொத்து கையில் இருக்கும்வரை, நாம் நம்பியிருப்பது கடவுளையா சொத்தையா என்பது நமக்கே தெரிய வழியில்லை. செல்வம் விசுவாசத்துக்குச் செய்யும் பெரிய இடையூறு, ஆடம்பரத்தைவிட, இதுதான் என்று நினைக்கிறேன்.

மறையுரைகளில் நாம் அதிகம் கேட்பது யோபுவின் கடைசி அதிகாரம். அங்கே ஆடுகள் பதினாலாயிரமாக, எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகின்றன. தேவசகாயத்துக்கு அந்த அதிகாரம் வரவே இல்லை. 1745ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்றார், 1749இல் கைதானார், எருக்கம்பூ மாலை அணிவித்து, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புதிய மதத்தை மறுத்திருந்தால் பழைய வாழ்வை மீட்டுக்கொள்ள வழியிருந்தது. அவர் மறுக்கவில்லை.

புலியூர்க்குறிச்சியிலேயே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் அவர் முழங்கையால் முட்டியபோது நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் இடம். அங்கே நெடுநேரம் முழந்தாளிட்டிருந்த மாமா எழுந்து வந்து, “மக்களே, ரப்பர் வெல ஏறணும்னுதான் நேர்ச்ச போட்டேன். அது தப்பா?” என்று கேட்டார். “தப்பில்ல மாமா” என்றேன், மனதாரவே. அன்றாட உணவைக் கேட்கச் சொல்லித் தந்தவர் இயேசுவே. மாற்கு நற்செய்தியில் வரும் செல்வரும் கெட்டவரல்லர். சிறு வயது முதல் கட்டளைகளைக் கடைப்பிடித்தவர். இயேசு அவரை அன்போடு நோக்கினார் என்று மாற்கு மட்டுமே எழுதுகிறார். அப்படி அன்பு செய்யப்பட்ட ஒருவர், சொத்து ஏராளமாக இருந்ததால் முகம் வாடித் திரும்பிப் போனார். கோயில் வரி தவறாமல் கட்டி, திருவிழாவுக்கு உபயம் எழுதி, பளிங்குக் கல்லில் குடும்பப் பெயர் பொறித்துவைக்கும் நமக்கு அந்த மனிதர் அந்நியர் அல்லர்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையைத் தொட்டு வணங்கிவிட்டு ஆரல்வாய்மொழிக்குப் போனோம். கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. 1752 ஜனவரி 14 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்ட மலை இது. கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறையைச் சுற்றிச் சிறுவர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

அங்கே அமர்ந்து மாற்கு பத்தாம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தோம். வீட்டையும் நிலத்தையும் விட்டவர் நூறு மடங்கு பெறுவார் என்ற வசனத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அதே வசனத்தில் இன்னல்களும் சேர்ந்தே வரும் என்றிருப்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். வாசிக்கும்போது எனக்குத் தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாளின் நினைவு வந்தது. கணவரைத் தொடர்ந்து தாமும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்ற பெயர் ஏற்றவர், கணவரின் மரணத்துக்குப்பின் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து மறைந்தார். ஒருவர் சொத்தை விட்டால் அதன் சுமை வீடு முழுவதன்மேலும் இறங்குகிறது. அந்தச் சுமையைச் சுமந்தவருக்குப் பீடமும் இல்லை, பட்டமும் இல்லை.

இதைச் சொன்னபோது மாமா வெகுநேரம் யோசித்தார். அடுத்த முறை வடக்கன்குளத்துக்குப் போவோம் என்றும், அதற்கு அத்தையையும் கட்டாயம் அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னார். ரப்பர் விளையின், அதாவது தோட்டத்தின், பத்திரம் அத்தை பெயரில்தான் இருக்கிறது.