36 அடி

நவம்பர் 4

கனடாவில் நேரத்தை மாற்றிவிட்டார்கள். இனிப் பத்தரை மணித்தியால வித்தியாசம். சுவரில் உள்ள இரண்டாவது மணிக்கூட்டையும் திருப்பி வைத்தேன். இரணைமடுக் குளம் 19 அடி என்று பால் கொண்டுவந்த பெடியன் சொன்னான்.

நவம்பர் 7

மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போக விசா வரவில்லை. கைரேகை கொடுத்து ஏழு கிழமை.

விண்ணப்பத்தின் பிரதியை இன்றைக்குத்தான் கண்ணாடி போட்டு வாசித்தேன். மகளின் ஊருக்கு நேரே 'டைசார்ட்' என்று மட்டும் அடித்திருக்கிறார்கள். அந்த ஊர்ச் சபைக்கு ஒன்பது பெயர்: டைசார்ட், டட்லி, ஹார்கோர்ட், கில்ஃபோர்ட், ஹார்பர்ன், புரூட்டன், ஹேவ்லாக், ஐர், கிளைட். ஒன்பதும் சேர்ந்துதான் ஒரு சபை. கனடாவிலேயே மிக நீளமான ஊர்ப் பெயர்களில் ஒன்றாம். எழுதி மாளாது என்று 'டைசார்ட் எட் அல்', அதாவது டைசார்ட்டும் மற்றவையும் என்று சுருக்கிவிட்டார்கள். அந்த மற்றவை விடுபட்டதால்தான் இழுபடுகிறதோ? "தபாலுக்கு ஹாலிபர்ட்டன் எண்டாலே காணும் அம்மா" என்கிறாள். எனக்கு மனம் ஆறவில்லை.

நவம்பர் 8

படுக்கும்போது ஒன்பதையும் சொல்லிப் பார்த்தேன். ஹார்பர்னில் தடக்குகிறது.

நவம்பர் 13

நேற்று இரவு நெடுநேரம் கதைத்தாள். கால் வீங்கியிருக்கிறது, நான் கேட்ட பிறகுதான் சொன்னாள். பேச்சை மாற்ற ஏரியைக் காட்டினாள். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆனியில் படகு கட்டியிருந்த மரமேடை நிலத்தில் நிற்கிறது, கீழே கல்லும் சேறும்.

"என்ன பிள்ளை, வரட்சியோ?"

"இல்லை அம்மா, திறந்து விட்டுட்டாங்கள்."

அந்த மலைப்பக்கத்தில் 35க்கும் மேற்பட்ட ஏரிகளில் தண்ணீரை மறித்து வைப்பது கீழே இருக்கிற ட்ரென்ட்-செவர்ன் கால்வாய்க்காகவாம். 386 கிலோமீற்றர் நீளக் கால்வாய், கோடையில் அதில் படகு ஓட வேண்டும். அணை வாயில் மரக்குற்றிகளைக் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறிப்பார்கள், தேவைக்கு ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். வாய்க்காலில் நாங்கள் பலகை போட்டு மறிப்பது போலத்தான். ஆனால் அந்தக் குற்றியைத் தூக்குகிற உரிமை ஊர்ச் சபைக்கு இல்லை, மத்திய அரசுக்குத்தான். கரையில் இருப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் முறையிடுகிறார்களாம்.

இதை அவளின் அப்பா கேட்டிருந்தால் விடியும்வரை கதைத்திருப்பார். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற பேச்சு வந்தபோது, வயலால் ஏறிய சேற்றுக் காலோடு கமக்கார அமைப்புக் கூட்டத்துக்குப் போனவர். யாழ்ப்பாணத்தாருக்கும் தாகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குச் சிறுபோகத்துக்கே காணாமல் போன வருஷங்கள் எத்தனை. இப்போது யாழ்ப்பாணத்துக்கென்று தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

கால் வீக்கம். பிரஷர் பார்த்தார்களா என்று கேட்க மறந்துபோனேன்.

நவம்பர் 14

பிரஷர் சரியாம்.

நவம்பர் 19

நல்ல மழை. குளம் 27.

பத்தியத் தூளுக்கு வறுத்தேன். கொத்தமல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு. மஞ்சள்தான் பிடிவாதம், மூன்று நாளாக வெயில் இல்லை. அடுப்புக்கு மேலே பரணில் சுளகோடு வைத்திருக்கிறேன். ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன், முறியாமல் வளைகிறது. ஈரத்தோடு இடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கொத்தமல்லியை மட்டும் இளஞ்சூட்டில் இன்னொரு தரம் பிரட்டினேன். வீடெல்லாம் அவள் பிறந்த மாதத்து மணம்.

நவம்பர் 22

பின்வளவில் யானை. நான்கு வாழை போய்விட்டது. அவளுடைய ஊரில் கரடி என்கிறாள், குப்பையை வீட்டுக்கு வெளியே வைக்க ஏலாதாம். பிள்ளைத்தாச்சி இருட்டில் வெளியே இறங்காதே என்று சொன்னேன். மருமகனுக்கும் தனியாக எடுத்துச் சொன்னேன்.

நவம்பர் 27

கனகபுரம் மாவீரர் துயிலும் இல்லம். மாலை 6.07. மழைக்குள்ளும் என் தம்பிக்கு ஏற்றிய சுடர் நின்றது.

நவம்பர் 30

குளம் நிரம்பி 36 அடியைத் தொடப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பின்னேரம் வான் கதவு திறந்தாயிற்று. எத்தனை என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். மொத்தம் 14. 2018 டிசம்பரில் 14ஐயும் திறந்த இரவு, கட்டிலின் கால் தெரியாமல் தண்ணீர் நின்றது. அப்போது அவர் இருந்தார், அவளும் இருந்தாள். இப்போது பாஸ்போட் பிரதி, காணி உறுதி, பத்தியத் தூள் மூன்றையும் ஒரே வாளியில் போட்டு மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்.

டிசம்பர் 2

விசா இல்லை என்று பதில் வந்துவிட்டது.

டிசம்பர் 3

அழுது முடித்து மஞ்சளை இடித்தேன். பொதி இரண்டு கிலோ. அனுப்புகிற இடத்துப் பிள்ளை விலாசத்தைச் சுருக்கச் சொல்லிற்று. நான் விடவில்லை. தெரு, ஹாலிபர்ட்டன், அதன் கீழே ஒன்பது பெயரும் என் கையாலேயே எழுதினேன். ஹார்பர்ன் தடக்கவில்லை. போய்ச் சேரப் பத்து நாள் ஆகுமாம், அவளுக்கு நாள் குறித்திருப்பது 11ஆம் திகதி.

டிசம்பர் 6

இரவு 2.40. மருமகனின் செய்தி: "மாமி, லின்ட்சே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டம்." ஐந்து நாள் முந்திவிட்டது. அங்கே பின்னேரம் 4.10, இருட்டப்போகிற நேரம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், ஏற்ற இறக்கமான வீதி, பனி. கால் வீக்கத்தோடு எப்படி அவ்வளவு நேரம் இருப்பாள்.

3.55. ஒன்றும் இல்லை. மாரிப் பனிக்கு வேறு டயர் போட வேண்டுமாம், போட்டார்களா என்று நான் கேட்கவே இல்லை. ஆற்று இரைச்சல் இங்கே வரைக்கும் கேட்கிறது.

4.30. கரண்ட் இன்னும் வரவில்லை. போனில் 9 வீதம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சோலர் இருக்கிறது, குடையை எடுத்துக்கொண்டு போய் எழுப்பப் போகிறேன்.