ஆறு எதிரேதான் இருக்கிறது

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், ஜாக்சன் ஸ்கொயர் என்ற சதுக்கத்தின் வாசலில் நின்று, "ஆற்றங்கரைப் பூங்காவுக்கு எப்படிப் போவது?" என்று யாரைக் கேட்டாலும், "இதோ, எதிரேதான்" என்பார்கள். பொய் இல்லை. டிகேட்டர் தெருவைத் தாண்டி, படி ஏறி, இறங்கி, தண்டவாளத்தைக் கடந்தால் மிசிசிப்பி. இருநூறு மீட்டர்கூட வராது. அந்த இருநூறு மீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்பியவர் பத்தரைக்கு ஆற்றைப் பார்த்துவிட்டால் நல்ல வேகம்தான்.

முதல் வில்லங்கம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கிளம்புகிறது. ஸ்கொயருக்கு எதிரிலேயே, ஆற்றுக்குப் போகிற வழியை மறித்த மாதிரி, 1862 முதல் உட்கார்ந்திருக்கிறது கஃபே டு மோண்ட். அங்கே கிடைப்பது பென்யே: ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவைச் சதுரமாக வெட்டிப் பொரித்தது. தட்டுக்கு மூன்று. அதன் மேல் பொடித்த சர்க்கரையைத் தூவுகிறார்கள் என்று சொன்னால் அது தூவலுக்கே அவமானம். கொட்டுகிறார்கள். பென்யே எங்கே இருக்கிறது என்று விரலால் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு மூலையைப் பிடித்து, தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டுங்கள். முகத்தைத் தட்டுக்கு மேலே கொண்டுபோங்கள். மூச்சை நிறுத்திக்கொண்டு கடியுங்கள். கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்தால் சர்க்கரை நேராகத் தொண்டைக்குப் போய் இருமல் வரும். இருமினால் தட்டில் மிச்சமிருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவர் சட்டைக்குப் போகும். மூச்சை வெளியே விட்டாலும் அதே கதிதான், இருமல் மட்டும் இருக்காது. கடிக்கிற நேரம் பார்த்து யாராவது ஜோக் சொன்னால் அவரோடு அன்றைக்குப் பேச்சை நிறுத்திவிடலாம்.

கருப்புச் சட்டை வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: விழுந்த சர்க்கரையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. கட்டி பிடிக்காமல் இருப்பதற்காக அந்தப் பொடியில் சோளமாவு கலந்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது கஞ்சியாகிவிடும். காய்ந்த கையால் தட்டிவிட்டால் போய்விடும். தேய்த்தால் மாலைவரை சட்டையில் பசை போட்ட போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையே பாதிக் கஞ்சி காய்ச்சிவிடும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் சாப்பிட்டு முடிப்பது உத்தமம்.

காபியில் நம் ஆட்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று காபிப்பொடிக் கடையில் கேட்டே பழகிய நாக்கு, ஒரு வாய் குடித்ததும் நின்று யோசிக்கும். ஆமாம், அதே சிக்கரிதான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம்; 1860களின் உள்நாட்டுப் போரில் துறைமுகம் முற்றுகையாகிக் காபிக்கொட்டை வராமல் போனபோது ஊரையே பிடித்துக்கொண்டது. பாதிக்குப் பாதி சூடான பால். டபராவைத் தேடாதீர்கள், கோப்பைதான். எழுந்து போவதற்கு முன் கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். அடுத்து வரும் கடைகளின் கதவுகளில் எல்லாம் "வாடிக்கையாளர்களுக்கு மட்டும்" என்ற பலகை உங்களுக்காகவே தொங்கும்.

வெளியே வந்தால் ஷூக்காரர். மிகவும் மரியாதையாகப் பேசுவார். "உங்கள் ஷூவை எங்கே காட் (got) பண்ணினீர்கள் என்று சரியாகச் சொல்கிறேன், இருபது டாலர் பந்தயம்." நீங்கள் மனசுக்குள் தி.நகர், டல்லாஸ் மால், மச்சான் வாங்கிக் கொடுத்தது என்று கணக்குப் போட்டு, இந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று கை குலுக்கிவிடுவீர்கள். அவர் சொல்லும் விடை: "லூசியானா மாநிலம், நியூ ஆர்லியன்ஸ், டிகேட்டர் தெருவில், உங்கள் காலில்." ஆங்கிலத்தில் 'காட்' என்றால் வாங்கியதும் அதுதான், வைத்திருப்பதும் அதுதான். நீங்கள் இலக்கணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே ஷூவின் மேல் ஒரு சொட்டு பாலிஷ் விழுந்திருக்கும், துணியும் ஓடிக்கொண்டிருக்கும். தப்பிக்க ஒரே வழி, நடையை நிறுத்தாமல் சிரித்துக்கொண்டே "என் காலில்தான்" என்று விடையை நீங்களே சொல்லிவிடுவது. செருப்பு போட்டுப் போனால் பாலிஷ் தொல்லை இல்லை. பந்தயம் மட்டும் அப்படியே இருக்கும்.

இதைத் தாண்டினால் இசை. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-இல் பிறந்த ஊர். விமான நிலையத்துக்கே அவர் பெயர். ஸ்கொயரைச் சுற்றி பிராஸ் பேண்டுக்காரர்கள், அதாவது பித்தளை வாத்தியக் குழுவினர், நிற்பார்கள்: டிரம்பெட், டிரம்போன், உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி கிடக்கும் சூசாஃபோன், ஸ்நேர் என்ற ஒரு சின்ன டிரம், ஒரு பெரிய பாஸ் டிரம். பாஸ் டிரம்காரரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். வலது கையில் தடி, சரி. டிரம்மின் மேல் திருகி வைத்த சிம்பல் என்ற தாளத்தட்டை இடது கையால் தட்டுகிறாரே, அது என்ன? பல பேரிடம் அது ஸ்குரூடிரைவர். சிலரிடம் சட்டை மாட்டும் ஹேங்கரை நிமிர்த்திய கம்பி. இல்லாத கொடுமைக்கு எடுத்தது என்று பரிதாபப்பட வேண்டாம். மரக்குச்சி தராத அந்தக் கூர்மையான 'ச்சிங்' இரும்பு பட்டால்தான் வரும். தெருவில் அத்தனை பித்தளைக்கு நடுவே கேட்க வேண்டுமே.

டிரம்போன்காரருக்கு நேர் எதிரே மட்டும் நிற்காதீர்கள். அவருடைய குழாய் நீண்டால் உங்கள் மூக்குக்குக் கணக்கு சரியாக இருக்கும். அந்தக் காலத்தில் வண்டியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டு போகும்போது டிரம்போன்காரரை வண்டியின் கடைசிப் பலகையில் உட்காரவைப்பார்கள், மற்றவர்கள் பல் பிழைக்கட்டும் என்று. கீழே வைத்திருக்கும் அட்டைப்பெட்டியில் சில ஒரு டாலர் நோட்டுகளைப் போடுவது முறை. போட்டோ எடுத்தால் போட்டே ஆக வேண்டும். ஒரு டாலர் நோட்டாகப் பத்துப் பதினைந்து வைத்துக்கொள்ளுங்கள்; பெட்டியில் இருபதைப் போட்டுவிட்டுப் பத்தொன்பது பொறுக்குகிறவரை ஊரே வேடிக்கை பார்க்கும்.

சனிக்கிழமை என்றால் கல்யாண ஊர்வலம் ஒன்று குறுக்கே வரவும் கூடும். முன்னால் பேண்ட், பெண் மாப்பிள்ளை. பின்னால் கைக்குட்டை சுழற்றிக்கொண்டு ஆடுகிற கூட்டம். அந்தப் பின்வரிசைக்குத்தான் செகண்ட் லைன் என்று பெயர். கால் தானாக ஆடும். ஆடுங்கள். ஆனால் ஊர்வலம் ஆற்றுப் பக்கம் போவதில்லை என்பதை நாலு தெரு தள்ளிப்போன பிறகு உணர்வீர்கள். திரும்பி வர வழி கேட்டால் தெற்கு, வடக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு வளைந்து வளைந்து ஓடுவதால் திசைக்கு அங்கே மதிப்பில்லை. ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், நீர் வரும் பக்கம், நீர் போகும் பக்கம்: இந்த நாலுதான். டவுன்டவுன் என்பதே அங்கே ஆறு ஓடும் பக்கம் என்றுதான் பொருள்.

சரி, திரும்ப வந்தாயிற்று. இனி ஆற்றுக்கு இறங்க வேண்டியதுதானே? இல்லை, ஏற வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திலும் ஆறு கொண்டுவந்த வண்டல் கரையோரமாகவே படிந்து படிந்து, கரைதான் ஊரிலேயே மேடான இடம். உள்ளே போகப் போகப் பள்ளம். பல பகுதிகள் கடல்மட்டத்துக்கும் கீழே. பக்கத்தில் இவ்வளவு பெரிய ஆறு இருந்தும், பெய்கிற மழைத்தண்ணீரைப் பம்ப் வைத்து எதிர்ப்பக்கம் பான்சர்ட்ரெய்ன் ஏரிக்கு இறைக்கிற ஊர் அது. ஸ்கொயருக்கு எதிரே இருக்கும் பீரங்கி மேடையில் ஏறினால் முதல் தடவையாக ஆறு கண்ணில் படும். கண்ணில்தான்.

ஏனென்றால் நடுவே தண்டவாளம். நியூ ஆர்லியன்ஸ் பப்ளிக் பெல்ட் என்ற சரக்கு ரயில் 1908 முதல் துறைமுகத்தை ஒட்டி ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்கு. நடக்கிறது. சில சமயம் நிற்கிறது. எண்ணெய் டேங்கர்கள், மூடிய பெட்டிகள், மறுபடி டேங்கர்கள் என்று எண்ணிக்கொண்டே வந்து, முடிந்துவிட்டது என்று காலை எடுத்துவைக்கும்போது, வந்த வழியே பின்னால் போகத் தொடங்கும். பெட்டிகளை மாற்றிக் கோக்கிறார்கள். நின்றிருக்கும் ரயிலின் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே புகுந்து போய்விடலாம் என்ற யோசனை அந்த நேரத்தில் எல்லோருக்கும் வரும். வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கொக்கியிலும் கொஞ்சம் தொய்வு இருக்கும்; எங்கோ முன்னால் எஞ்சின் அசைந்தால் அந்த இழுப்பு பெட்டி பெட்டியாகத் தாவி வந்து, சத்தம் கேட்ட அதே நொடியில் உங்கள் முன்னால் இருக்கும் பெட்டி வெடுக்கென்று நகரும். நின்றே பாருங்கள். டேங்கர்களின் பக்கவாட்டில் கிறுக்கியிருக்கும் ஓவியங்கள் இலவசம்.

ரயில் போனதும் மூன்வாக். மைக்கேல் ஜாக்சனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நிலவுக்கும் இல்லை. 1970 முதல் 1978 வரை மேயராக இருந்த லாண்ட்ரூவை ஊர் 'மூன்' என்று கூப்பிட்டது, நடைபாதைக்கு அந்தப் பெயர். அதை ஒட்டி வலது பக்கம் கனால் தெரு வரை நீள்வதுதான் வோல்டன்பெர்க் பார்க்: புல்வெளி, பெஞ்சுகள், சிற்பங்கள், கடைசியில் 1990-இல் திறந்த மீன் காட்சியகம். ஒரு காலத்தில் கிடங்குகளும் சரக்கு மேடைகளும் மறைத்திருந்த கரை இது. பெஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது காட்சியைப் பார்க்காதீர்கள், நிழலைப் பாருங்கள். காட்சி எல்லாப் பெஞ்சுக்கும் ஒன்றே.

விடியற்காலையிலேயே வந்து உட்கார்ந்தவருக்கு வேறொரு குழப்பம். எதிர்க்கரைக்குப் பெயர் மேற்குக் கரை, வெஸ்ட் பேங்க். சூரியன் அங்கிருந்துதான் உதிக்கும்! ஆறு இந்த இடத்தில் அப்படி வளைந்து கிடக்கிறது. பெயர் மொத்த ஆற்றுக்கும் வைத்தது, சூரியனைக் கலந்தாலோசிக்கவில்லை. அதனால் சூரிய அஸ்தமனத்தை ஆற்றின் மேல் படம் பிடிக்கலாம் என்று மாலையில் காமிராவோடு வருகிறவர்கள், தங்கள் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கு நடுவே அது மறைவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இடது பக்கம் தெரிகிற வளைவு அல்ஜியர்ஸ் பாயிண்ட். அதன் அருகே ஆழம் சுமார் 60 மீட்டர். அந்த வளைவில் பெரிய கப்பல் திரும்புவதைப் பார்ப்பது, சந்துக்குள் லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பது மாதிரி: உங்களுக்கு வேலையே இல்லை, ஆனாலும் பல்லைக் கடிப்பீர்கள். நீர் ஏறுகிற காலத்தில் கப்பல்களுக்கு அங்கே சிவப்பு, பச்சை சிக்னல் உண்டு. தண்ணீர்வரை இறங்கும் படிகளில் கடைசி மூன்று நாலு படியைத் தவிர்த்துவிடுங்கள். பாசி. தவிர, கப்பல் போய்விட்டது, அலை வரவில்லை என்று நிம்மதியாகும்போதுதான் அதன் அலை வந்து சேரும். ஷூக்காரர் போட்ட பாலிஷ் அத்தோடு போச்சு. வசந்த காலத்தில் வடக்கே பனி உருகி, மழையும் சேர்ந்தால் அந்தப் படிகளே காணாமல் போகும். நீச்சல் என்ற பேச்சே கூடாது. மேலே சோம்பேறியாகத் தெரிகிற தண்ணீருக்கு அடியில் இழுப்பும் சுழலும் வேறு கதை.

இவ்வளவுக்கும் பிறகு, கண்ணை மூடி ஆற்றுக்காற்றை வாங்கலாம் என்று சாயும்போது கேட்கும் ஒரு சத்தம். ஆயிரம் குக்கர் ஒரே நேரத்தில் விசிலடித்து, அது எப்படியோ ஒரு பாட்டாகவும் இருந்தால்? அதுதான் காலியோப். பக்கத்துத் துறையில் நிற்கும் நாச்சஸ் நீராவிப் படகின் கூரையில் இருக்கிறது. 1975-இல் நீரில் இறங்கிய படகு. அந்தப் பெயரில் ஒன்பதாவது. கிளம்புவதற்கு முன் ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்து வாசிப்பார். 32 விசில்கள், விசிலுக்கு ஒரு ஸ்வரம். 1855-இல் ஜோஷுவா ஸ்டோடார்ட் காப்புரிமை வாங்கிய கருவி. மைல் கணக்கில் கேட்கும். பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிப் பயனில்லை.

சுதி சேராததற்கு வாசிப்பவரைத் திட்டாதீர்கள். முதலில் விசில்கள் குளிர்ந்திருக்கும். உள்ளே வரும் நீராவி தண்ணீராகி, ஸ்வரத்துக்குப் பதில் துப்பும். குழாய் சூடாகச் சூடாகச் சுதி ஏறிக்கொண்டே போகும். அதிலும் ஒரு விசில் அடிக்கடி ஒலித்துச் சூடாக இருக்கும், பக்கத்து விசில் சும்மா இருந்து ஆறிப்போயிருக்கும். அதற்கு ஏற்றபடி சுதி சேர்த்து வைக்க யாராலும் முடியாது. ஆம்ஸ்ட்ராங் இளைஞராக இருந்தபோது அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு ஆற்றுப் படகுகளில் வாசித்த ஃபேட் மராபிள் காலியோப்பும் வாசிப்பார். கட்டைகள் சுடும் என்று கையுறை, வெந்நீர் தெறிக்கும் என்று மழைக்கோட்டு, காதில் பஞ்சு. பஞ்சு யோசனை கேட்பவர்களுக்கும் பொருந்தும்.

ஸ்கொயரைச் சுற்றியுள்ள பழைய நகரத்துக்குப் பெயர் பிரெஞ்ச் குவார்ட்டர்; ஏப்ரலில் அதன் திருவிழா சமயம் வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். 1984-இல் தொடங்கியது, பாட்டுக் கேட்கக் கட்டணம் கிடையாது. பூங்கா முழுக்க மேடைகள். நிழல் அன்றைக்குச் சொத்து மாதிரி, விட்டு எழுந்தால் வேறொருவர் பட்டா போட்டுவிடுவார். தெருவில் பானம் குடித்துக்கொண்டு நடக்கத் தடையில்லாத ஊர், ஆனால் கண்ணாடிப் பாட்டில் கூடாது. கடையிலேயே பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். கோடையில் வருகிறவர்கள் மத்தியானத்து இடிமழைக்கு மடக்குக் குடை வைத்துக்கொள்ளவும்.

காலில் இன்னும் தெம்பிருந்தால் கனால் தெரு முனையில் படகு ஏறி எதிர்க்கரையில் இருக்கும் அல்ஜியர்ஸ் போகலாம். இரண்டு டாலர், ஐந்து நிமிடம். சில்லறை சரியாக இருக்கட்டும். அங்கே திரும்புகிற படகைத் தவறவிடுவது சுலபம்: கதவை நேரத்துக்கு அடைத்துவிடுவார்கள், ஓடி வருகிறவரைப் பார்த்தபடியே. அடுத்தது வரும்வரை கரையில் உட்காருங்கள். எதிரே நாச்சஸ் அடுத்த சவாரிக்கு வாசிக்கத் தொடங்கியிருக்கும். நடுவே அவ்வளவு தண்ணீர் இருந்தால், கொஞ்சம் சுதி சேர்ந்த மாதிரிகூட இருக்கும்.