ஷோகன் 2: சாமுராய் வாங்கறதுக்கு முன்னாடி ஈட்டிக்காரனை நம்புங்க

சித்தி பையன் போன வாரம் போன் பண்ணான். டோட்டல் வார் ஷோகன் 2 இப்பதான் வாங்கியிருக்கான், பழைய ஜப்பான்ல படை நடத்தி சண்டை போடற கம்ப்யூட்டர் கேம், "அண்ணா, என்கிட்டதான் ஆள் அதிகம், சாமுராயும் இருக்கு, ஆனா எல்லா சண்டையும் தோத்துடறேன்"னு ரொம்ப சோர்ந்து போய் சொன்னான். சரி ஸ்க்ரீன் ஷேர் பண்ணு பாக்கலாம்னேன். சண்டை ஆரம்பிச்ச உடனே கன்ட்ரோல் ஏ அமுக்கி மொத்த ஆர்மியையும் செலக்ட் பண்ணி, மேட்டு மேல நிக்கிற எதிரிய டபுள் கிளிக் பண்ணிட்டான். குதிரைங்க வேகமாச்சே, அது மட்டும் தனியா முன்னாடி போய் ஈட்டி மேல விழுந்துச்சு, அப்புறம் கத்திக்காரங்க மேடேறி மூச்சு வாங்க போய் சேர்ந்தாங்க, அதுக்குள்ள பாதிப் பேர அம்பு சாய்ச்சிருச்சு. ஆள் அதிகம்தான், ஆனா ஒருத்தர் ஒருத்தரா போய் மாட்டினா அதிகம் இருந்து என்ன பண்ண.

2011ல வந்த கேம், இன்னைக்கும் புதுசா ஆட்கள் வந்துட்டே இருக்காங்க, எல்லாருமே செய்யற தப்பு இதான். அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதி வைக்கறேன்.

முதல்ல மனசுல வாங்க வேண்டியது, இந்த கேம்ல எதிரிய முழுசா கொன்னு ஜெயிக்க வேண்டாம். அவன் தைரியத்த உடைச்சா போதும். ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒண்ணா நகர்ற படைப்பிரிவுக்கும், மொரேல்னு ஒரு தைரிய அளவு இருக்கு. பக்கவாட்டுல அடி, முதுகுல அடி, களைப்பு, ஜெனரல் சாவு, பக்கத்துல நிக்கிற யூனிட் ஓடறது, இதெல்லாம் சேர சேர அது இறங்கிட்டே வரும். கொடி மின்ன ஆரம்பிச்சா ஆட்டம் காணுதுன்னு அர்த்தம், வெள்ளைக் கொடி ஆயிட்டா ஓட்டம்தான். ஒரு யூனிட் ஓடினா பக்கத்துல இருக்கறதும் ஓடும், அப்புறம் நெல்லிக்கா மூட்டைய அவுத்து விட்ட மாதிரி மொத்த வரிசையும் சிதறிடும். அதனால சண்டைக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க: அவன் வரிசைல எந்த யூனிட்ட முதல்ல உடைக்கப் போறோம், எதால.

நிஜத்துலயும் அப்படித்தான் நடந்திருக்கு. 1600ல ஜப்பான்ல கிழக்குப் படையும் மேற்குப் படையும் மோதின செகிகஹாரா சண்டைல மேற்குப் படை காலைல நல்லாதான் தாக்குப் பிடிச்சுது. மட்சுவோ மலை மேல நின்ன மேற்குப் படைத் தளபதி கொபயகாவா ஹிதேஅகி கட்சி மாறி பக்கவாட்டுல இறங்கினதும் ஒரு முனை உடைஞ்சுது, அன்னைக்கு மதியத்துக்குள்ளயே எல்லாம் முடிஞ்சு போச்சு.

இப்ப யார வெச்சு நிறுத்தறது. யாரி அஷிகாரு. வெறும் விவசாயி கையில நீள ஈட்டி, ஆளுக்குச் செலவு கம்மி, கேம் ஆரம்பத்துல இருந்தே கிடைக்கும். புதுசா ஆடறவங்க இவங்கள மட்டமா நினைச்சு காசு சேத்து சாமுராய் வாங்கப் போயிடறாங்க, எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. இவங்ககிட்ட மட்டும் ஈட்டிச் சுவர்னு ஒரு பட்டன் இருக்கு, ஈட்டி வெச்சிருக்கற யாரி சாமுராய்கிட்ட கூட கிடையாது. அத அமுக்கினா நெருக்கமா நின்னு ஈட்டிய முன்னாடி நீட்டிடுவாங்க, நேரா வர்ற குதிரை எதுவா இருந்தாலும் அங்கயே நொறுங்கும், கத்தி சாமுராயும் முன்பக்கமா வந்தா திணறிடுவான். ஆனா மூணு விஷயம் பாக்கணும். எதிரி மேல வந்து விழுற நேரத்துல அமுக்கினா லேட்டு, நாலஞ்சு செகண்ட் முன்னாடியே அமுக்கிடணும். அமுக்கினதுக்கு அப்புறம் அட்டாக்னு கிளிக் பண்ணாதீங்க, வரிசை கலைஞ்சிடும், அவன் நம்மகிட்ட வரட்டும். பக்கமும் முதுகும் திறந்துதான் இருக்கும், அங்க ஒரு யூனிட் காவலுக்கு வேணும்.

வில்லாளிங்கள முதல்ல சுவருக்கு முன்னாடி நிறுத்துங்க, எதிரி நெருங்கினதும் பின்னாடி இழுத்துடுங்க. அதுக்கப்புறம் கைகலப்பு நடக்கற இடத்துலயே அம்பு விட்டா நம்ம ஆளு மேலயும் விழும், அதனால பின்னாடி நிக்கிற யூனிட்டுக்கு குறி மாத்தி விடணும். மேடு கிடைச்சா விடாதீங்க. ஜெனரல் வரிசைக்குப் பின்னாடி நடுவுல நிக்கட்டும், அவர் பக்கத்துல இருந்தாலே ஆட்களுக்குத் தெம்பு, அவர் செத்தா எல்லாம் போச்சு.

குதிரை பத்தி ஒண்ணே ஒண்ணு, பொறுமை. 1575ல நாகஷினோ சண்டைல ஓடா நொபுனாகாங்கற ஜப்பான் தலைவர் மரத் தடுப்பு கட்டி துப்பாக்கிக்காரங்கள நிறுத்தி வெச்சிருந்தாரு, அதுக்கு எதிரா நேரா பாய்ஞ்ச டகேடா குலத்தோட படை அங்க அழிஞ்சுது, அவ்வளவு பேர் வாங்கின படை. முன்னாடி மோதல் நல்லா சூடு பிடிக்கற வரைக்கும் குதிரைய ஓரமா வெச்சுக்கோங்க, அப்புறம் சுத்திப் போய் முதுகுல ஒரு அடி, உடனே வெளிய இழுத்து மறுபடி ஒரு அடி. உள்ளயே விட்டுட்டா குதிரையும் மெல்ல மெல்ல செத்துடும்.

இன்னும் கொஞ்சம் பழகினதும் ஷிமஸு குலத்தோட பழைய வித்தைய முயற்சி பண்ணுங்க, ட்சூரினோபுசேன்னு பேரு. நடுவுல ஒரு படை முட்டிட்டு தோத்த மாதிரி பின்வாங்கும், எதிரி துரத்திட்டு உள்ள வருவான், ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கற படை வந்து மூடும். கேம்ல காட்டுக்குள்ள அசையாம நிறுத்தினா யூனிட் கண்ணுக்குத் தெரியாது, ஏஐ, அதாவது எதிரிய நடத்தற கம்ப்யூட்டர், பாட்டுக்கு தூண்டில்ல வந்து மாட்டும். ஆனா பின்வாங்கற யூனிட்ட நீங்க சீக்கிரமே திருப்பணும், லேட் ஆனா பொய் ஓட்டம் நிஜ ஓட்டமாவே ஆயிடும், எனக்கு அப்படி ஒரு நல்ல ஆர்மியே போயிருக்கு.

தம்பிகிட்ட அதே சேவ்வ மறுபடி லோட் பண்ணச் சொன்னேன். இந்தத் தடவ அவன் மேட்டுக்குப் போகல, அம்பு எட்டற தூரத்துக்கு வில்லாளிங்கள மட்டும் அனுப்பி எதிரிய சீண்டினான். ரெண்டு நிமிஷம் அம்பு வாங்கினதும் ஏஐ பொறுக்க மாட்டாம கீழ இறங்கிச்சு. "கேம நிறுத்தி பாஸ் (pause) போடு, இப்ப சுவர் பட்டன்"னேன், நாலு அஷிகாருவுக்கும் போட்டான். எதிரி ஜெனரலே குதிரைல முன்னாடி பாஞ்சு வந்தாரு, ஏஐ இத அடிக்கடி செய்யும், நடு சுவர்ல வந்து மோதினாரு. நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்ல. ஈட்டிக்கு நடுவுல அவர் கொடி சாய்ஞ்சுது, இடது பக்கம் ஒரு கொடி மின்ன ஆரம்பிச்சுது, தம்பி அதுவரைக்கும் தொடாம வெச்சிருந்த குதிரைய செலக்ட் பண்ணி, "அண்ணா, இப்ப அனுப்பவா?"ன்னு கேட்டான்.