ஒரு நூல் பத்தாத கல்

1987-ல் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்தேன். முதல் வாரமே முதலாளி என்னைப் பரணில் ஏற்றிவிட்டார். அங்கே கிடந்த மரப் பேட்டர்ன்களை, அதாவது மண்ணில் அழுத்தி அச்செடுக்கும் மாதிரிகளை, எண்ணி நோட்டில் ஏற்ற வேண்டும். தூசியில் தும்மிக்கொண்டே எண்ணியதில் அந்தக் குடும்பத்தின் கதையே அடுக்கடுக்காகக் கிடைத்தது.

அடியில் மில் மெஷின்களின் பல்சக்கரங்கள். 1930-களில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து ஊரில் மில்கள் பெருகியபோது, உடைந்த பாகங்களை வார்த்துக் கொடுத்துத் தொழில் ஆரம்பித்தவர் முதலாளியின் அப்பா. அதற்கு மேல் கரி இஸ்திரிப்பெட்டி, அடுப்புத் தட்டு. பிறகு எடைக்கற்கள், ஏகப்பட்டவை. 1958-ல் மெட்ரிக் முறை வந்து, சேர், வீசை என்ற பழைய எடைகள் விடைபெறத் தொடங்கியதும் கடைக்காரர்களுக்கெல்லாம் கிலோக் கல் தேவைப்பட்டது. ஒவ்வொரு கல்லிலும் ஈயம் ஊற்ற ஒரு குழி இருக்கும். எடையைச் சரிக்கட்டுவதும் அந்த ஈயம்தான், முத்திரை விழுவதும் அதன் மேல்தான். வீடு கட்டியது அந்தக் காசில் என்பார் முதலாளி.

எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கெட்டும் இடத்தில், பன்னிரண்டு அங்குல தோசைக்கல்லின் தேக்குப் பேட்டர்ன். அதை அளந்து பார்த்தேன். பன்னிரண்டுக்கு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கூடுதலாக இருந்தது. தப்பு கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பேட்டர்ன் தச்சரிடம் ஓடினேன். அவர் தன் அளவுகோலை நீட்டினார். அதில் ஒரு அடி என்பதே நிஜ அடியைவிட ஒரு நூல் கூடுதல். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஒரு நூல் சுருங்கும், அதற்காகவே செய்த கோல். (விவரம் புரியாத முதல் நாளில் அந்தக் கோலால் வீட்டு ஜன்னலை அளந்து ஆசாரியிடம் சொல்லியிருந்தேன். நாலடிக் கதவு அரை அங்குலம் குட்டையாக வந்தது.)

வாரத்தில் இரண்டு நாள் இரும்பு உருக்கும் குப்போலா உலையைப் பற்றவைப்போம். காலையிலிருந்தே அச்சு செய்யும் மோல்டர்கள் மண்ணைப் பிடித்துப் பார்ப்பார்கள்: கைக்குள் இறுக்கி இரண்டாக ஒடித்தால் உதிராமல் நறுக்கென்று ஒடிய வேண்டும். ஈரம் கூடினால் கல்லில் காற்றோட்டை விழும். நல்ல சூட்டில் வரும் இரும்பு தோசைக்கல்லுக்குத்தான். மெல்லிசான அச்சு, கொஞ்சம் சூடு இறங்கினாலும் இரும்பு ஓரம் வரை ஓடாது, இரண்டு பக்கமிருந்து வருவது ஒட்டாமல் கோடு நிற்கும். சூடு தணிந்த இரும்பு எடைக்கல்லுக்கு. அது எதையும் தாங்கும்.

நான் சேர்வதற்கு முன்பே முதலாளிக்கும் அவர் தம்பிக்கும் பாகப்பிரிவினை முடிந்திருந்தது. பேட்டர்ன்கள் அண்ணனான முதலாளி பக்கம் வந்துவிட்டன. தம்பி என்ன செய்வார்? வீட்டுச் சமையலறையில் இருந்த கல்லையே எடுத்து மண்ணில் அழுத்தி அச்செடுத்துவிட்டார். ஏற்கெனவே சுருங்கிய கல் இன்னொரு முறை சுருங்குமில்லையா? மார்க்கெட்டில் பாத்திரக்கடைக்காரர் கல்லைப் புரட்டாமலே சொல்வார்: "தம்பி ஊட்டுக் கல்லுங்க இது. ஒரு நூல் பத்தாது." வழக்கு வக்கீல் என்று போன சண்டைகளைவிட இந்த ஒரு நூல்தான் முதலாளியை அதிகம் உறுத்தியது என்று நினைக்கிறேன். தோசை என்னவோ இரண்டிலும் ஒரே மாதிரிதான் வந்தது.

அப்புறம் நான்ஸ்டிக் வந்தது, கல் படுத்தது. பவுண்டரி பம்ப் பாகங்களுக்கு மாறியது, குப்போலா போய் மின்சாரத்தில் ஓடும் இண்டக்ஷன் உலை வந்தது. 2008-லிருந்து மின்வெட்டு. உலைக்குள் இரும்பு உறைந்துபோய் உளியோடு உட்கார்ந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் மனமில்லை. நான் ஓய்வு பெறும்போது முதலாளியின் பேரன், பழக்கிய தோசைக்கல் என்று ஆன்லைனில் விற்க ஆரம்பித்திருந்தான். தாத்தா காலத்துப் பேட்டர்னைத்தான் தேடி எடுத்தான்.

போன மாதம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பில் கன்னங்கரேலென்று ஒரு கல். சந்தையில் வாங்கியதாம், பன்னிரண்டு அங்குலம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். டேப்பை எடுத்துக் குறுக்கே பிடித்தேன். பதினொன்றே முக்கால். இரண்டு நூல் குறைவு. தம்பி வீட்டுக் கல்லை வேறு யாரோ மண்ணில் அழுத்தியிருக்கிறார்கள்.

"அண்ணா, டேப்பை எடு. மாவு ஊத்தணும்" என்றாள்.