கிராகோவ் சுத்தினது

வீக்எண்டுக்கு ஃப்ரெண்டோட கிராகோவ் போயிருந்தேன், போலந்தோட பழைய தலைநகரம், 1257ல திட்டம் போட்டு அமைச்ச மெயின் சதுக்கம் இன்னமும் அப்படியே இருக்கு, ஒரு பக்கமே சுமார் 200 மீட்டர் வரும். அங்க மரியாள் சர்ச் டவர் மேல இருந்து மணிக்கொரு தடவ, நடுராத்திரில கூட, ஒரு ஃபயர்மேன் நாலு திசைக்கும் ட்ரம்பெட் ஊதுறார், ட்யூன் பாதில டக்குனு நின்னுடுது!! அந்தக் காலத்துல ஊதுனவர, படையெடுத்து வந்த தாத்தார் (மங்கோலியர்) படை அம்பு விட்டு கொன்னதால அப்படியாம், கட்டுக்கதைதான், ஆனா கீழ நின்னு கேக்கும்போது நம்பத்தான் தோணுது.

உள்ள 1489ல முடிச்ச மரச் சிற்ப ஆல்டர் (பலிபீடம்) இருக்கு, பயபுள்ள கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பாத்துட்டே நின்னான். வாவெல் கோட்டைல கூட்டம் ஓவர், வெளிய சுத்தினதோட சரி. தெருவோர வண்டில விக்கிற எள்ளு போட்ட வளைய ரொட்டி, ஒப்வஜானெக், அத மட்டும் மிஸ் பண்ணிடாதீங்க, காலைலயே போனா நல்லா ஃப்ரெஷ்ஷா கிடைக்கும்.