பார்த்து எழுதுமா

"சரி மாமா" என்று நான் சொல்லி முடிக்க ஒரு வினாடி ஆகியிருக்குமா? மூன்று வருஷமாக அந்த ஒரு வினாடியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவள் நான். அன்று போனது மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு பசெம்பூர் கடைக்கு. வடை, காய்கறி எல்லாம் நறுக்கி, இனிப்பும் காரமுமான குழம்பை ஊற்றித் தருகிற சாப்பாடு அது. தீவில் எந்தப் பக்கம் என்று சொல்லப் போவதில்லை, காரணம் போகப் போகப் புரியும். சாயங்காலம் நாலு மணி, கூட்டம் கூடுவதற்கு முந்தைய நேரம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, எந்தக் கடைக்குப் போனாலும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கடைக்கார மாமாவிடமும் கேட்டேன். "பொரிக்கிறதெல்லாம் நீங்கதானே மாமா?" எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அவர் இல்லை. ஒரு பையன் நின்றிருந்தான். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவன், வந்து ஒன்றரை வருஷம். மாமா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான்னு எழுதிடுமா" என்றார். நான் "சரி மாமா" என்றேன்.

நடந்தது இதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பினாங்குக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 2016 ஜனவரியிலிருந்து இங்கே அங்காடிக் கடைகளில் உள்ளூர்ச் சாப்பாட்டை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது. தட்டுக் கழுவலாம், மேசை துடைக்கலாம், கரண்டியைப் பிடிக்கக் கூடாது. பிடிபட்டால் கடை உரிமத்துக்கே ஆபத்து. அந்த விதி வந்தபோது நான் அதை ஆதரித்தவள். உரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களையும், யாரோ கிண்டிப் போட்ட சார் கொய்த்தியாவ் என்கிற வறுத்த நூடுல்ஸில் கரிவாசம்கூட இல்லாமல் போனதையும் நேரில் பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் இன்னும் பத்து வருஷத்தில் இந்தத் தீவில் சாப்பிட என்ன இருக்கும் என்று பயந்தேன். பாதி மனசுக்கு இன்றும் அந்தப் பயம் உண்டு. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

ஆனால் மாமா வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் இல்லை. அறுபதைத் தாண்டிவிட்டார். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கட்டு. மகன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான், கடைக்கு வர மாட்டான். குழம்பை மட்டும் இன்றுவரை மாமாதான் வைக்கிறார். விடியற்காலையில் எழுந்து, சீனிக்கிழங்கை வேகவைத்து மசித்து, மிளகாயும் வறுத்த நிலக்கடலையும் அரைத்துச் சேர்த்து, புளியும் சீனியும் அளந்து போடுவதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தட்டில் நாம் பொறுக்கி வைக்கிற வடை, தவ்ஹு என்கிற சோயாக் கட்டி, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் நறுக்குவதும் அவர்தான். பொரிப்பதுதான் அவரால் முடியவில்லை. ஆனால் அந்தக் கடையில் ஜனங்கள் முதலில் எடுப்பது இறால் வடையைத்தான்.

அந்தப் பையன் வடை போடுவதை இருபது நிமிஷம் நின்று பார்த்தேன். குழிக் கரண்டியை முதலில் வெறுமனே எண்ணெயில் முக்கிச் சூடேற்றுவான். பிறகு அதில் மாவு, மேலே ஓட்டோடு இரண்டு இறால். கரண்டியோடு அப்படியே இறக்கிவிட்டுக் காத்திருப்பான். ஓரம் சிவந்ததும் மணிக்கட்டை ஒரே ஒரு தடவை லேசாகச் சிலுப்புவான், வடை கழன்று மிதக்கும். அந்தச் சிலுப்பு முந்தினால் மாவு சிதறிவிடும், பிந்தினால் கரண்டியோடு ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்தவரை ஒன்றுகூட ஒட்டவில்லை. எப்போது எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "சத்தம்தான்க்கா" என்றான். சலசலவென்று கேட்கிற எண்ணெய்ச் சத்தம் மெலிந்து வரும்போது எடுத்துவிட வேண்டுமாம். சொல்லிக்கொண்டே, பார்க்காமலே ஒன்றை எடுத்தான்.

அவன் மணிக்கட்டுக்குச் சற்று மேலே புளியங்கொட்டை அளவில் ஒரு பழைய தீக்காயத் தழும்பு. சிலுப்புகிற அந்த நொடியைப் படம் பிடித்தேன். கையும் கரண்டியும் மட்டும். தழும்பு தெளிவாக விழுந்திருந்தது.

கட்டுரையில் அந்தப் படத்துக்குக் கீழே நான் எழுதியது: மூன்று தலைமுறைக் கைமணம்.

அப்போது என் மனசில் ஓடிய நியாயங்கள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. உண்மையை எழுதினால் மாமாவின் உரிமம் போகும், பையனின் வேலை போகும், ஒருவேளை அவன் ஊருக்கே திரும்ப வேண்டிவரும். இரண்டு பேர் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு எனக்கு என்ன உண்மை வேண்டிக் கிடக்கிறது? இந்த நியாயத்தை இன்று யார் சொன்னாலும் தலையாட்டுவேன். ஆனால் அது, அவனைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு மட்டும்தான் நியாயம். அவன் கையை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்ததற்கு இல்லை. யார் பொரிக்கிறார்கள் என்று சொல்லாமலே, "இங்கே இறால் வடை அருமையாக இருக்கும்" என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்திருக்காது.

ஏன் அப்படிச் செய்யவில்லை? எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. அம்மா கை, பாட்டி கை என்று யாருடைய கையாவது இல்லாமல் நம் ஆட்களுக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வராது. எனக்கும் வராது. அதிலும் அந்தச் சமயம் ஒன்று இருந்தது. 2022 டிசம்பரில் உணவகங்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடுகிற மிஷெலின் கையேடு முதல் தடவையாகப் பினாங்கையும் சேர்த்துக்கொண்டது. அதற்கப்புறம் எழுதுகிற எல்லாருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. பழைய கடை, பழைய கை, தாத்தா கதை. நானும் அந்த வேகத்தில் இருந்தேன். மாமாவிடம் தாத்தா கதை இருந்தது, உண்மையான கதை. ராமநாதபுரத்திலிருந்து கிளம்பி, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து, காவடிபோல் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்க, துறைமுகத்து ஆட்களுக்குச் சோறும் குழம்பும் விற்றவர்.

அந்தக் கட்டுரையை இப்போது படித்தால் ஒரு பத்தியில் நின்றுவிடுகிறேன். பெருமையோடு எழுதியிருக்கிறேன்: சீனிக்கிழங்கு, நிலக்கடலை, மிளகாய், உருளைக்கிழங்கு, வெள்ளரியோடு சேர்த்துச் சீவிப் போடுகிற செங்குவாங் கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை, தவ்ஹு சீனர்களோடு வந்தது, கடை போட்டவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், இத்தனையும் ஒரே தட்டில் சேர்ந்தால் அதன் பெயர் பினாங்கு என்று. நல்ல பத்திதான். எல்லாவற்றுக்கும் வந்த வழியைச் சொன்ன நான், மாமாவின் தாத்தா புறப்பட்ட அதே கரையிலிருந்து கடைசியாக வந்து சேர்ந்தவனுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. எழுதும்போது அது என் கண்ணில் படவே இல்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டுரை வந்த வாரம் கடைக்குப் போனேன். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். நான் நினைத்துப் பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. மாமா வாய் நிறையத் தமிழ் பேசுவார். ஆனால் படித்தது மலாய்ப் பள்ளி, தமிழ் எழுத்து தெரியாது. கடையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். "வாசிடா, அக்கா இருக்கும்போதே வாசி" என்று மாமா போனை அவன் கையில் கொடுத்தார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைத் தணித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, சத்தமாக வாசித்தான். ரஜூலா கப்பல், காவடிக் கம்பு, சீனிக்கிழங்கு. "மாமாவின் மணிக்கட்டு ஒரு தடவை சிலுப்புகிறது, வடை கழன்று மிதக்கிறது" என்ற வரி வந்தது. அதையும் வாசித்தான். குரல் தடுக்கவில்லை, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் மேசைமேல் இருந்த சில்லிச் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கக்கா" என்றான். அவன் மனசில் எதையும் வைத்துக்கொண்டு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அடுப்பை ஏற்றிவிட்டு மறுபடி மாவைக் கரைக்கப் போய்விட்டான்.

மாமா அன்றைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வேறு தாப்பாவ், அதாவது பொட்டலம், கட்டிக் கொடுத்தார்.

இதை நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், "மாமாவே கேட்டுக்கிட்டாரு, நான் என்ன பண்றது" என்றுதான் முடிப்பேன். அவர்களும், "ஆமா, பெரியவர் கேட்டா மறுக்க முடியுமா" என்பார்கள். அதோடு கொஞ்ச நாள் மனசு அடங்கும்.

இந்த வருஷம் போனில் இடம் போதாமல் பழைய ஒலிப்பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேட்டி வந்தது. அழிப்பதற்கு முன் கடைசிப் பகுதியைக் கேட்டேன். எண்ணெய்ச் சத்தம், யாரோ மோட்டாரை நிறுத்துகிற சத்தம், என் குரல்: "பொரிக்கிறதெல்லாம் நீங்கதானே மாமா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மாமா, ரொம்ப மெதுவாக: "பார்த்து எழுதுமா." அவ்வளவுதான். என் குரல்: "சரி மாமா."

நாலைந்து தடவை ஓட்டிக் கேட்டேன். "நான்தான்" என்ற வார்த்தை அதில் எங்குமே இல்லை.

அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. பயந்தார், பார்த்து எழுதச் சொன்னார். எழுதியது நான். எழுதியதோடு நிற்காமல், அதைச் சொல்லச் சொன்னவராக அவரை மனசுக்குள் உருவாக்கி, இத்தனை நாள் அவர்மேல் பழியை வைத்திருந்தேன். இதன் தொடக்கத்தில் நான் எழுதிய அந்த உரையாடலைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். என் ஞாபகத்தில் அது இன்றும் அப்படித்தான் கேட்கிறது, மாமாவின் குரலோடு.

சரி, "பார்த்து எழுது" என்பதற்கு அதுவும் ஓர் அர்த்தம்தானே என்று சில நாள் தோன்றும். அந்த மௌனத்தில் அவர் கேட்டதும் அதைத்தானே? எனக்கு உடனே புரிந்ததும் அதனால்தானே? அவர் அன்று வாங்க மறுத்த காசு அதற்கான நன்றி இல்லையா? இருக்கலாம். ஆனால் என் கட்டுரை அவரைக் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. திறந்த கடை அது, அடுப்புக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்பது சாப்பிட வருகிற எல்லாருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து இங்கே நேரடி விமானம் வந்தபிறகு, அங்கேயிருந்து என்னைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். மதுரைக் குடும்பம் ஒன்று சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னது: "வடை போடுற தம்பி நம்ம பக்கம்தாங்க, அரை மணி நேரம் பேசிட்டிருந்தோம்." அவர்கள் அவனைத் தேடவே இல்லை. போனார்கள், அவன் இருந்தான்.

போன வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். இனி திருத்தலாமே என்று கேட்கலாம். மாமாவின் கடை இருக்கிறது, கட்டுப் போட்ட மணிக்கட்டும் இருக்கிறது, அடுப்புக்கு முன்னால் இப்போது வேறொரு பையன். எதைத் திருத்த?

போன மாதம் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "அக்கா, பசியாறியாச்சா" என்று நம் ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தான். அப்புறம் விஷயத்துக்கு வந்தான். அம்மாவிடம் அந்தக் கட்டுரையைக் காட்டினானாம். அம்மாவுக்கு வாசிக்க வராது. படத்தைப் பார்த்ததும், "இது உன் கையிடா" என்று சொல்லிவிட்டார்களாம், தழும்பை வைத்து. சின்ன வயசில் வீட்டு அடுப்பில் பட்ட காயம். "மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணு இருந்தா அனுப்புங்கக்கா. அங்க வேலை பாத்ததுக்குன்னு எங்கிட்ட நல்ல போட்டோவே இல்லை. அம்மா கேக்குது."

அன்றைக்கு எடுத்த படங்கள் மொத்தம் 63. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை, கரண்டி, எண்ணெய், இறால், குழம்பு, கத்தரிக்கோல், மாமா, மாமா, மாமா. அவன் முகம் ஒன்றில்கூட இல்லை. மாமா வடையை நறுக்குகிற படம் ஒன்றில், அவர் தோளுக்குப் பின்னால், புகைக்குள் பாதிக் காதும் பிடரியும் தெரிந்தன. அதை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

அந்தக் காதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.